மார்பில் ஒரு நிழல்

நெய்வேலி நகரியத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். சுரங்க வேலையிலிருந்து கணவர் திரும்புகிறார். கையில் ஒரு பெரிய உறை.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"எக்ஸ்ரேயில் ஏதோ நிழல் தெரிகிறதாம். மறுபடி வரச் சொன்னார்."

அவ்வளவுதான். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது கூட அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை.

நெய்வேலியில் எக்ஸ்ரே புதுமையல்ல. 1957-இல் நேரு தொடங்கி வைத்த சுரங்கத்தில் 1961-இல் பழுப்பு நிலக்கரி கிடைத்தது. அதற்கு முன்பே, 1955-ஆம் வருஷத்துச் சுரங்க விதிகள் தொழிலாளரின் உடல் பரிசோதனைக்கு வழி செய்திருந்தன. நோய் வந்தவருக்கு மட்டுமல்ல, நன்றாக இருப்பவருக்கும் படம் எடுப்பார்கள். ஆகவே, எதிர்பாராத நிழல் எவர் படத்திலும் தென்படலாம்.

நுரையீரலில் காற்று நிறைந்திருப்பதால் படத்தில் அது கறுப்பாகத் தெரியும். அதில் கெட்டியாக எது இருந்தாலும் வெண்மையாக விழும். 3 சென்டிமீட்டருக்கு உட்பட்டால் முடிச்சு, மிஞ்சினால் கட்டி. பெரிதாக ஆக, சந்தேகமும் பெரிதாகும்.

வெண்புள்ளி என்றாலே புற்றுநோயா? இல்லை. ஆறிய க்ஷயரோகத்தின் தழும்பாகலாம். பூஞ்சைக் காளானோ, தீங்கற்ற கட்டியோ ஆகலாம். சில சமயம் மார்புக் காம்பின் நிழலே டாக்டரை ஏமாற்றிவிடும்! க்ஷயமாகவே இருந்தாலும் கலங்க வேண்டாம். வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டும் குணமடையலாம் என்று சென்னையில் நடந்த ஆராய்ச்சி 1959-இலேயே காட்டிவிட்டது.

ஆனால் அலட்சியமும் கூடாது. புற்றுநோயானால், சிறிதாக இருக்கும்போதே கண்டால்தான் அறுவைச் சிகிச்சையில் குணமாகும் வாய்ப்பு அதிகம். புகை பிடிப்பவருக்கு ஆபத்து மிகுதி. பிடிக்காத பெண்களுக்கும் இந்நோய் வருவதுண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சளியில் ரத்தம், காரணமில்லாத மெலிவு - இவற்றில் எது இருந்தாலும் நாள் கடத்தாதீர்கள். சி.டி. ஸ்கேன், சளிப் பரிசோதனை, ஊசியால் சதை எடுத்துப் பார்ப்பது என்று டாக்டர் சொன்னால் மறுக்காதீர்கள். நிழல் ஒரு கேள்விதான். விடை அங்கேதான் கிடைக்கும்.

இல்லத்தரசிகள் செய்யக்கூடிய பேருதவி ஒன்று உண்டு. பழைய படங்களை எறியாதீர்கள்! கைப்பேசியில் வந்த படமானாலும் பத்திரப்படுத்துங்கள். சிறு முடிச்சு ஒன்று இரண்டு வருஷத்துக்கு மேல் துளியும் வளராதிருந்தால், பெரும்பாலும் பயமில்லை. வளர்ந்திருந்தால் தாமதிக்கலாகாது. இரண்டையும் சொல்வது பழைய படமே.

நம் நெய்வேலி அம்மாளும் அலமாரியைக் குடைந்தாள். புடவைகளுக்கு அடியில், ஐந்து வருஷத்துக்கு முன் காய்ச்சலின்போது எடுத்த படம்! டாக்டர் இரண்டையும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். அதே இடம், அதே பட்டாணி அளவு.

"பழைய தழும்புதான். இந்தப் படங்களைத் தொலைத்துவிடாதீர்கள், அம்மா!"

அன்று மாலை பால் வழியவில்லை, பாயசமாயிற்று.