ஆராய்ச்சிச் சாலைக் கதவு யாருக்கு?

திருவாண்டார்கோயில் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் தொழிலாளி, எம்.எஸ்ஸி. தேறிய தம் பிள்ளைக்கு என்ன வேலை தேடுவார்? வாத்தியார் வேலை, இல்லையேல் தம் கம்பெனியிலேயே ஒரு நாற்காலி. விஞ்ஞான ஆராய்ச்சியும் ஓர் உத்தியோகம், அதற்கும் மாதப் பணம் உண்டு என்று அவரிடம் சொன்னவர் யார்? எவருமில்லை! பெரிய இடத்துப் பிள்ளைக்கு மாமா சொல்வார், சித்தப்பா சொல்வார். நம் வீட்டுப் பிள்ளைக்கு நாம்தானே சொல்லவேண்டும்?

ஆராய்ச்சிச் சாலைகள் எங்கோ சீமையில் இல்லை, தோழர்களே! காலாப்பட்டில், 1985-இல் தோன்றிய புதுவைப் பல்கலைக் கழகம் இருக்கிறது. கொசுவால் பரவும் நோய்களை ஆராய 1975-இல் அமைந்த மத்திய நிலையமும் புதுவையில்தான். காரைக்குடியில் 1953-இல் திறந்த மின்வேதியியல் ஆராய்ச்சிச் சாலைக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தவர் வள்ளல் அழகப்பர். தமிழர் கொடுத்த மண்ணில் நுழைய வழி தெரியாமல் தமிழ்த் தொழிலாளியின் பிள்ளை நிற்பதா?

வழி இதுதான். சி.எஸ்.ஐ.ஆர். 'நெட்' தேர்வில் இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி பெற்றால், முதல் ஈராண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. பொறியியல் படித்தவர்கள் பெரும்பாலும் 'கேட்' தேர்வு வழியாகப் போகிறார்கள். ஆனால் தேறியவுடன் இடம் காத்திருக்காது. வழிகாட்டும் பேராசிரியர் ஒருவரைத் தேடிப் பிடித்து, முனைவர் பட்டத்துக்குப் பதியவேண்டும். இங்கேதான் நம் பிள்ளைகள் சிபாரிசுக்கு அலைகிறார்கள். வேண்டாம்! அந்தப் பேராசிரியரின் ஆய்வுக் கட்டுரைகள் இரண்டைப் படித்துவிட்டு, தனக்கு எந்தக் கருவியில் கை பழகியிருக்கிறது என்று அரைப் பக்கக் கடிதம் எழுதட்டும். (பழுதான பம்பைப் பிரித்து மாட்டத் தெரிந்தவனுக்கு ஆராய்ச்சிச் சாலையில் கிராக்கி உண்டு.) இவை தவிர, திட்டப் பணிகளும் உண்டு. திட்டம் முடிந்தால் வேலையும் முடியும் என்றாலும், உள்ளே நுழைய அது ஒரு வாசல். அறிவிப்பு பெரும்பாலும் அந்தந்த நிலையத்தின் இணையதளத்தில்தான் வரும், தவணையும் குறைவு.

நிற்க. சர்க்காரைக் கேட்கவேண்டியவை இரண்டு. அந்த நெட் தேர்வின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வருகிறது, தமிழில் வருவதில்லை. இந்தி பேசுகிறவர்களுக்கு மட்டும்தான் தாய்மொழியில் விஞ்ஞானம் விளங்குமோ?

இன்னொன்று, கூலி. உதவித்தொகை என்பது பெயர்தான். வாங்கப்படுவது முழுநேர உழைப்பு. 25,000 ரூபாயாக இருந்த அந்தத் தொகை 2019-இல் 31,000 ஆனது யார் தயவால்? ஆராய்ச்சி மாணவர்கள் நாடெங்கும் தெருவில் இறங்கினார்கள், உயர்ந்தது. 2023-இல் 37,000 ஆயிற்று. ஏட்டில் உயர்ந்த தொகை மாதக்கணக்கில் கைக்கு வந்து சேருவதில்லை என்ற புகார் மட்டும் ஓயவில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை அப்பாவிடம் வாங்கிச் சமாளிக்கும். தொழிற்பேட்டைச் சம்பளத்தில் அடுப்பெரியும் வீட்டிலிருந்து போன பிள்ளை என்ன செய்யும்? மூன்றாம் மாதமே மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பும். ஆலையில் மூன்று மாதச் சம்பளத்தை நிறுத்தினால் வாசலில் கொடி நடுகிற நாம், இதற்கு மட்டும் ஏன் வாய்மூடி இருக்கவேண்டும் என்று கேட்கிறோம்.