குளக்கரையில் ஒரு குறிப்பேடு

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கருப்பாநதியின் நீரால் குளங்கள் நிறையும் ஊர் கடையநல்லூர். தறியோசையோடு வளர்ந்த ஊர் அது. அன்றாடக் கூலியை நம்பி வாழும் குடும்பங்கள் இங்கும் உண்டு. அத்தகைய வீட்டில் பிள்ளை, “ஓவிய வகுப்பில் சேர்த்துவிடுங்கள்” என்று கேட்டால், மாதக் கட்டணத்தை எண்ணிப் பெற்றோர் மௌனமாகின்றனர். அம்மௌனத்தின் பொருளைப் பிள்ளைகள் விரைவில் உணர்ந்துகொள்கின்றனர். பிறகு எதையும் கேட்பதில்லை. ஆர்வம் அங்கேயே அடங்கிவிடுகிறது.

கட்டணம் கேட்காத கலைகளும் உள்ளன. அவற்றுள் ஒன்று பறவை நோக்குதல். வடகிழக்குப் பருவமழைக்குப்பின் தென்மாவட்டக் குளங்களுக்கு நீர்ப்பறவைகள் வருகின்றன. வரித்தலை வாத்து மத்திய ஆசியாவிலிருந்து இமயத்தைக் கடந்து கூந்தன்குளம்வரை வருகிறது. மணிமுத்தாற்றில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம், பிற இயற்கை அமைப்புகளுடன் இணைந்து 2011 முதல் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பை நடத்தி வருகிறது. திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டக் குளங்களில் நிகழும் இப்பணியில் மாணவர்களும் தன்னார்வலராகப் பங்கேற்கின்றனர்.

இதற்கு வேண்டியவை ஒரு குறிப்பேடும் எழுதுகோலும். நாள், நேரம், குளத்தின் நீர்மட்டம், கண்ட பறவை, அதன் எண்ணிக்கை ஆகியவற்றை எழுத வேண்டும். பெருங்கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண இயலாது. முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அவை பரவியுள்ள இடத்தைக் கண்ணால் அளந்து, அதுபோல் எத்தனை இடங்கள் உள்ளன எனக் கணக்கிட வேண்டும். நெற்றியில் வெண்பட்டையுடைய கரிய பறவையைக் கண்டு, அதன் பெயர் நாமக்கோழி என அறியும் சிறுவன் அதை மறப்பதில்லை. நீர்நிலைக்குப் பெரியவர் ஒருவரின் துணையோடு செல்வதே முறை.

பெயர் அறிய நூல் வேண்டுமே எனில், அதற்கு நூலகம் உண்டு. 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின் வழியே வந்த நூலக வரி, சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு என வாங்கப்படுகிறது. வாடகை வீட்டில் குடியிருப்போரும் வாடகையின் வழியே அதில் பங்கேற்கின்றனர் எனலாம். ஏற்கெனவே பணம் செலுத்திய இடத்திற்குள் நுழைய எவரும் தயங்க வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் இவ்வாறு செலவின்றிப் பெறலாம் என்பதும் சரியன்று. வீணையும் நீச்சலும் ஆசிரியரின்றி வாரா. அவற்றை ஏழைப் பிள்ளைக்கும் வழங்குவது அரசின், பள்ளியின் கடமையாகும்.

வீட்டின் கையில் இருப்பது நேரம். அதைப் பங்கிடுவதில்தான் பிழை நேர்கிறது. மாலையில் தம்பி குளக்கரைக்குச் செல்ல, அக்கா குடத்தோடு குழாயடிக்குச் செல்கிறாள். குறிப்பேடு இரண்டு வாங்கினாலும் அவளுடையது வெறுமையாகவே இருக்கும். அக்குடத்தைப் பாதி நாள் தம்பி சுமந்தால், பாதி நாள் அக்கா பறவைகளை எண்ணலாம்.