லேசாக்கியதில் தப்பில்லை

"பாட்டை அடிச்சிட்டு கில் கணக்கு சொல்லாதடா!" சாந்திபுரத்தில் நாலு பையன்கள் கைப்பேசியும் கையுமாகச் சேர்ந்து உட்கார்ந்தால் இந்த வாதம் கிளம்பிவிடும். பாட் என்றால் ஆட்டத்தில் கணினியே இயக்கும் போலி ஆள்; கில் என்றால் வீழ்த்திய கணக்கு. ஆந்திராவின் குப்பம் தொகுதியில் உள்ள எல்லை மண்டலம் இது. ஒரே ஸ்க்வாடுக்குள் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஓடும். கணினியில் ஆடிப் பழகிய அண்ணன்மார், இன்றைய துப்பாக்கி விளையாட்டு ரொம்ப லேசாகிவிட்டது என்கிறார்கள். லேசாக இருப்பதால்தானே நாங்களும் ஆடுகிறோம் என்கிறார்கள் தம்பிகள்.

அண்ணன்மார் ஆடத் தொடங்கிய காலத்தில் நிலைமையே வேறு. 2002-ல் எச்பி நிறுவனமும் ஆந்திர அரசும் சேர்ந்து குப்பம் பகுதியில் 'ஐ-கம்யூனிட்டி' திட்டத்தைத் தொடங்கின. சாந்திபுரமும் அதில் அடக்கம். கணினி அப்போது பொது மையத்துக்குப் போய்த் தொட்டுப் பார்க்கும் பொருள். பலபேர் சேர்ந்து ஆடும் துப்பாக்கி விளையாட்டை, பெங்களூருக்கோ வேலூருக்கோ திருப்பதிக்கோ படிக்கப் போனவர்கள்தான் ஹாஸ்டல் லேன் இணைப்பிலும் பிரவுசிங் சென்டரிலும் பார்த்தார்கள். அது கவுண்டர் ஸ்ட்ரைக். மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு இளைஞர்கள் 'ஹாஃப் லைஃப்' விளையாட்டை மாற்றி 1999-ல் உருவாக்கியது. நம்மவர்கள் கொண்டாடிய 1.6 பதிப்பு 2003-ல் வந்தது.

அதன் கண்டிப்பே அதன் அழகு. முதல் ரவுண்டில் கையில் 800 டாலர் ஆட்டக்காசுதான். பிஸ்டலோடு போக வேண்டும். ஏகே-47 வாங்க 2,500 டாலர் சேர்க்க வேண்டும். இந்த ரவுண்டில் செலவழித்துவிட்டால் அடுத்த ரவுண்டில் கை காலி. அதனால் அணியே கூடிப் பேசிக் காசை மிச்சம் பிடிக்கும். செத்தவனுக்கு அந்த ரவுண்டு முடியும்வரை வேலையில்லை. உயிரோடிருப்பவனின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். புதிதாக வந்தவன் ஆட்டத்தைக் கற்றது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

2016-ல் ஜியோ வந்தது, டேட்டா மலிந்தது. 2017-ல் ஃப்ரீ ஃபயர், 2018-ல் பப்ஜி மொபைல். பப்ஜியில் நூறு பேர், எட்டுக்கு எட்டு கிலோமீட்டர் எராங்கல் தீவு. ஃப்ரீ ஃபயரில் ஐம்பது பேர், பத்து நிமிடம். விலை குறைந்த கைப்பேசியிலும் ஓடும். கணினியே இல்லாத வீட்டுப் பையனுக்கும் இடம் கிடைத்தது. கண்ணாடித் திரையில் கட்டைவிரலால் குறிபார்ப்பது கஷ்டம் என்பதால் வடிவமைப்பாளர்கள் கைகொடுத்தார்கள்: குறி தானாகக் கொஞ்சம் ஒட்டும், கிடக்கிற பொருளைத் தானாக எடுக்கும், எதிரியின் காலடி வரைபடத்தில் தெரியும். தொடக்க நிலைகளில் மனிதர்களோடு பாட்களும் கலந்து வரும்.

பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரில் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. 2021-ல் பிஜிஎம்ஐ என்ற பெயரில் வந்து, 2022-ல் மறைந்து, 2023-ல் திரும்பியது. வாதம் மட்டும் நிற்கவில்லை. ஆளின் முதுகுக்குப் பின்னிருந்து பார்க்கும் டிபிபி-யில் சுவருக்குப் பின்னால் ஒளிந்தபடியே கேமராவைத் திருப்பி எதிரியைப் பார்த்துவிடலாம். அவனால் நம்மைப் பார்க்க முடியாது. இது நியாயமா என்று கேட்பவர்கள் ஆளின் கண்வழியே பார்க்கும் எஃப்பிபி பக்கம் போகிறார்கள். ஒரே இடத்தில் பதுங்கிக் கேம்ப் அடிப்பதும் திறமைதான் என்பவர்கள் டிபிபி-யை விடுவதில்லை.

என் கட்சி இதுதான்: லேசாக்கியதில் தப்பே இல்லை. சாயங்காலம் அரை மணி நேரம் நண்பர்களோடு சிரித்துப் பேசி ஆட நினைப்பவனுக்கும் விளையாட்டில் பங்கு உண்டு. உதவி வேண்டாதவன் அதை அணைத்துவிட்டுக் கைப்பேசியைச் சாய்த்துக் குறிபார்க்கும் கைரோவில், துப்பாக்கி உதறும் ரீகாயிலை அடக்கப் பழகலாம். அந்த வழி திறந்தே இருக்கிறது. கெடுப்பது வேறு இரண்டு விஷயங்கள். ஒன்று, பாட்டை மனிதன் பெயரில் அனுப்பி, பையனை வீரன் என்று நம்பவைப்பது. ரேங்க் ஏறியதும் உண்மையான ஆட்கள் வருவார்கள். ஏன் தோற்கிறோம் என்றே தெரியாமல் அவன் நொந்துபோவான். இரண்டாவது, காசுக்குப் பலம் விற்பது. ஃப்ரீ ஃபயரில் துப்பாக்கியின் தோற்றத்தை மாற்றும் சில ஸ்கின்களோடு கூடுதல் பலமும் சேர்ந்து வரும். கவுண்டர் ஸ்ட்ரைக்கில் காசு ஆட்டத்துக்குள்ளேயே சம்பாதித்தது. இங்கே அது அப்பாவின் பையிலிருந்து வருகிறது.

இந்தியாவிலேயே இப்போது இத்தகைய விளையாட்டுகள் உருவாகின்றன. புனேயின் சூப்பர் கேமிங் 2024-ல் 'இண்டஸ்' விளையாட்டை வெளியிட்டது. இவற்றைச் செய்பவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: விளையாட்டுக்குள் நுழைவதை எளிதாக வையுங்கள், ஆட்டம் முடிந்ததும் எத்தனை பாட், எத்தனை மனிதர் என்று காட்டுங்கள், பலத்தை விலைக்கு வைக்காதீர்கள். தம்பிகளே, பாட்டைக் கழித்துவிட்டுக் கில் கணக்கு போடுங்கள். அதில் மிஞ்சுவதுதான் உங்கள் ஆட்டம்.