கணினிக்குக் காய்ச்சல் வந்தால்…

"எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா. உனக்குத் தெரியாது…"

அப்பா இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் கணினித் திரை கறுத்தது. எச்சரிக்கை எதுவும் வரவில்லை. மின்சாரமும் போகவில்லை, பக்கத்தில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. கணினி மட்டும் சட்டென்று அணைந்துவிட்டது.

கடந்த ஓராண்டாக ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அப்பாவின் தோட்டத்து நினைவுகளைப் பதிவு செய்து வருகிறேன். வானொலியில் ஊரார் கதையை எல்லாம் கேட்கும் நான், வீட்டில் இருப்பவரின் கதையைக் கேட்டதே இல்லையே என்ற உறுத்தல்தான் காரணம். அப்பாவுக்கு வயது 74. பக்கவாதம் வந்து தேறியவர். பெரட்டுக் களம், லயத்து வீடு, கிராணியின் மிதிவண்டி என்று ஒவ்வொரு வாரமும் ஒன்றைச் சொல்வார். தங்கையைப் பற்றி அன்றுதான் முதன்முதலாக வாய் திறந்தார். கணினியை மீண்டும் போட்டு நிமிர்ந்து பார்த்தபோது, எழுந்து வாசலுக்குப் போய்விட்டிருந்தார்.

"விடும்மா, அப்புறம் பாக்கலாம்" என்றார்.

அந்த 'அப்புறம்' வருமா என்று எனக்குத் தெரியவில்லை. கணினியைச் சரி செய்தாக வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது.

தெர்மாமீட்டர் வைக்காமல் ஊசியா?

மறுநாள் கணினியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் மூடியைக்கூடக் கழற்றவில்லை. "மதர்போர்டு போயிருக்கும், பழைய செட்டு, புதுசே எடுத்துடுங்க" என்றார். புதிதாக வாங்க 1,800 ரிங்கிட் ஆகும் என்றும் சொன்னார்.

அது பழைய மேசைக் கணினிதான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. விண்டோஸ் 11-ஐ ஏற்க என் கணினிக்குத் தகுதி இல்லை. அதனால் லினக்ஸுக்கு மாறியிருந்தேன். உங்களில் பலர் வீட்டிலும் இதே கதைதான் நடந்திருக்கும்.

சித்தப்பா மகனை அழைத்துப் புலம்பினேன். கணினித் துறையில் வேலை பார்க்கும் தம்பி அவன்.

"அக்கா, காய்ச்சல் இருக்கான்னு தெர்மாமீட்டர் வச்சுப் பாக்காமலே ஊசி போடுவாங்களா? முதல்ல சூடு எவ்வளவுன்னு பாருங்க" என்றான்.

லினக்ஸில் அதற்கு 'எல்எம்-சென்சார்ஸ்' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. நிறுவ இரண்டு நிமிடம் போதும். டெர்மினல் சன்னலைத் திறந்து 'சென்சார்ஸ்' என்று தட்டினால் போதும், சூட்டளவு வரிசையாக வந்து நிற்கும். எனக்கு நான்கு வரிகள் வந்தன. நான்கும் பிராசசரின் நான்கு கோர்களின் வெப்பம். விசிறியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

"தம்பி, விசிறி செத்துப் போச்சு போல" என்றேன்.

"பெட்டியில காதை வச்சுப் பாருங்க அக்கா."

வைத்துப் பார்த்தேன். விசிறி மெல்லச் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஓடும் விசிறியை லினக்ஸ் ஏன் காட்டவில்லை?

வெப்பத்தை ஒருவர் சொல்ல, விசிறியை இன்னொருவர் சொல்ல…

இங்கேதான் பலரும் குழம்புகிறோம். கணினிக்குள் இந்தத் தகவல்கள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை.

பிராசசரின் வெப்பத்தை அளக்கும் சென்சார் பிராசசருக்கு உள்ளேயே இருக்கிறது. இன்டெல் பிராசசர் என்றால் 'கோர்டெம்ப்', ஏஎம்டி என்றால் 'கே10டெம்ப்' என்ற டிரைவர் அதைப் படித்துச் சொல்லும். பெரும்பாலும் இவை தாமாகவே இயங்கத் தொடங்கிவிடும்.

மேசைக் கணினியில் விசிறியின் வேகத்தை எண்ணுவது வேறொரு சிப்பு. மதர்போர்டில் இருக்கும் அதைச் 'சூப்பர் ஐஓ' என்பார்கள். நுவோட்டன், ஐடிஇ போன்ற நிறுவனங்கள் இவற்றைச் செய்கின்றன. விசிறியின் ஒரு கம்பி, ஒவ்வொரு சுற்றுக்கும் வழக்கமாக இரண்டு துடிப்புகளை அனுப்பும். நாடி பார்ப்பது போல அந்தத் துடிப்புகளை எண்ணி, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று அந்தச் சிப்பு சொல்லும். ஆனால் அதற்குரிய டிரைவரைப் பல நேரங்களில் நாம்தான் கூப்பிட வேண்டும். கூப்பிடாதவரை லினக்ஸைப் பொறுத்தவரை அந்த விசிறியே கிடையாது.

எந்த டிரைவர் வேண்டும் என்று கண்டுபிடிக்க 'சென்சார்ஸ்-டிடெக்ட்' என்ற கட்டளை உண்டு. நிர்வாகி உரிமையோடு ஓட்டினால் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கும். ஆம், இல்லை என்ற இரண்டில் பெரிய எழுத்தில் இருப்பதுதான் அதன் பரிந்துரை. எண்டர் பொத்தானை மட்டும் அழுத்தினால் அந்தப் பரிந்துரையை ஏற்றுக்கொண்டதாகப் பொருள். சிப்புகளைத் தட்டிப் பார்க்கும் கேள்விகளில் அதற்கு மேல் துணிய வேண்டாம். 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், சில பழைய ஐபிஎம் திங்க்பேட் மடிக்கணினிகளில் இப்படித் தட்டிப் பார்த்தபோது சிறு நினைவகம் ஒன்றின் தகவல் கெட்டு, கணினி தொடங்காமலே போனதுண்டு. பிறகு அந்த மாடல்களைக் கண்டால் விலகிப் போகும்படி மென்பொருளைத் திருத்தினார்கள்.

நானும் நல்ல பிள்ளையாக எண்டரை மட்டும் அழுத்திக்கொண்டே போனேன். நுவோட்டன் சிப்பு இருக்கிறது, 'என்சிடி6775' டிரைவர் வேண்டும் என்று சொன்னது. கணினியை அணைத்துப் போட்டேன். விசிறி வரவே இல்லை!

தம்பி சிரித்தான். "கடைசிக் கேள்விக்கும் எண்டர்தானே அடிச்சீங்க?"

உபுண்டு, டெபியன் வகை லினக்ஸில், கண்டுபிடித்த டிரைவரைத் தொடக்கப் பட்டியலில் எழுதி வைக்கட்டுமா என்று கடைசியாக ஒரு கேள்வி வரும். அங்கே மட்டும் பரிந்துரை 'இல்லை'. நாமே 'யெஸ்' என்று முழுதாகத் தட்டினால்தான் எழுதும். அதைச் செய்துவிட்டு மீண்டும் தொடங்கினேன். இந்த முறை திரை நிறைய வரிகள் வந்தன.

127 டிகிரியைக் கண்டு பயந்த கதை

வந்த வரிகளைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. 'ஆக்ஸ்டின்' என்ற வரியில் 127 டிகிரி! முதல் விசிறி சுழியம்! பக்கத்திலேயே 'அலாரம்' என்ற சொல் வேறு.

உண்மையில் இரண்டுமே பொய்ப் பயம். அந்தச் சிப்பு பல சென்சார்களை இணைக்க இடம் வைத்திருக்கும். மதர்போர்டு செய்பவர் எல்லாவற்றையும் இணைப்பதில்லை. ஒன்றும் இணைக்காத முனையைப் படித்தால் 127, மைனஸ் 128 போன்ற அபத்தமான எண்கள் வரும். கணினி ஓடினாலும் தூங்கினாலும் ஓர் எண் அசையாமல் நிற்கிறது என்றால் அதைச் சந்தேகிக்கலாம். முதல் விசிறியின் சுழியமும் அப்படித்தான். அந்த முனையில் விசிறியே செருகப்படவில்லை.

எனக்கு வேண்டியது இரண்டாவது விசிறி. அதுதான் பிராசசர் மேல் உட்கார்ந்திருப்பது. வேகம், நிமிடத்துக்கு 780 சுற்று.

இனி உண்மையான சோதனை. ஒரு மணி நேர ஒலிப்பதிவுக்கு இரைச்சல் நீக்கும் வேலையைக் கொடுத்துவிட்டு, எண்கள் இரண்டு வினாடிக்கு ஒருமுறை மாறும்படி வைத்துப் பார்த்தேன். 62 டிகிரியில் தொடங்கிய வெப்பம் நான்கே நிமிடத்தில் 97-ஐத் தொட்டது. உச்ச வரம்பு 100 என்று பக்கத்திலேயே எழுதியிருந்தது. விசிறியோ அதே 780-இல் அசையாமல் நின்றது. உடனே வேலையை நிறுத்தினேன்.

பிராசசர் சூடானால் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போதும் சூடு தணியாவிட்டால், கருகிப் போகாமல் இருக்கக் கணினியே அணைந்துவிடும். அப்பா பேசியபோது நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் சூடு ஏற ஏற வேகமாகச் சுற்ற வேண்டிய விசிறி ஏன் சும்மா இருந்தது?

குற்றவாளி நான்தான்

"பயாஸ்ல விசிறிப் பக்கம் போய்ப் பாருங்க" என்றான் தம்பி.

போனேன். 'தானியங்கி' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'மேனுவல்' என்று இருந்தது. வேகம் மிகக் குறைவாகப் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. அப்போதுதான் நினைவு வந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வீட்டிலிருந்து பதிவு செய்யத் தொடங்கியபோது, விசிறியின் இரைச்சல் மைக்கில் விழுகிறது என்று அதை அப்படி வைத்தது நானேதான். வைத்துவிட்டு மறந்தும் போனேன்.

அது மட்டுமா? பதிவு செய்யும்போது சத்தம் வரக்கூடாது என்று ஏர்கோனை அணைப்பேன், கூரைக் காற்றாடியை அணைப்பேன், கதவு சன்னலை எல்லாம் சாத்துவேன். நம் ஊர் வெக்கையில் அப்படி ஓர் அறை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. என் பதிவு சுத்தமாக இருக்க வேண்டும் என்று கணினியின் மூக்கையும் வாயையும் நானே பொத்தியிருக்கிறேன். கடைக்காரரைத் திட்ட எடுத்த வாயை மூடிக்கொண்டேன்.

மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றினால், வெப்பம் தணிக்கும் உலோகத் தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளி போலப் படிந்திருந்தது. விசிறி இறக்கைகளை விரலால் பிடித்துக்கொண்டு ஊதிச் சுத்தம் செய்தேன். பிராசசர் மேல் காய்ந்து கிடந்த வெப்பப் பசையை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, புதிதாகப் பட்டாணி அளவு வைத்தேன். விசிறியைத் தானியங்கிக்கு மாற்றினேன். மொத்தச் செலவு 28 ரிங்கிட்.

அதே ஒரு மணி நேரப் பதிவை மீண்டும் கொடுத்தேன். விசிறி தானாக 1,650 வரை ஏறியது. வெப்பம் 68-க்கு மேல் போகவில்லை. கணினி அணையவும் இல்லை. சூட்டைத் தணித்தும் அணைந்திருந்தால், மின்சாரம் தரும் பவர் சப்ளையைத்தான் அடுத்துச் சந்தேகித்திருப்பேன். விசிறிச் சத்தத்துக்கு வேறு வழி கண்டேன். மைக்கின் கேபிளை நீட்டி, கணினியை அறையின் மறுமூலைக்குத் தள்ளிவிட்டேன்.

உங்கள் வீட்டுக் கணினிக்கு

எல்லார் கணினியிலும் இதே வழி அப்படியே வேலை செய்யாது. சிலவற்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மடிக்கணினி என்றால் விசிறி எண் வராமலே போகலாம். பலவற்றில் விசிறியைக் கவனிப்பது தனியான ஒரு கட்டுப்பாட்டுச் சிப்பு. அது லினக்ஸோடு பேசுமா என்பது மாடலைப் பொறுத்தது. எண் வரவில்லை என்பதற்காக விசிறி பழுது என்று முடிவு கட்டாதீர்கள். காதையும் கையையும் நம்புங்கள்.

ஏஎம்டி ரைசன் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் ஆகியவற்றில் 'டிகண்ட்ரோல்' என்ற எண், உண்மை வெப்பத்தைவிட 20 டிகிரி கூட்டியே காட்டும். விசிறியை ஓட்டுவதற்காக வைத்த கணக்கு அது. 'டிடை' என்ற வரி இருந்தால் அதுதான் உண்மையான வெப்பம்.

சில மதர்போர்டுகளில் டிரைவரைக் கூப்பிட்டாலும் வராது. அந்தச் சிப்பின் முகவரியைப் பயாஸ் தனக்கென்று பிடித்து வைத்திருப்பதால், மோதல் வேண்டாம் என்று லினக்ஸ் ஒதுங்கிக்கொள்ளும். அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்த வழி உண்டு. ஆனால் இருவர் ஒரே நேரத்தில் ஒரே சிப்பைத் தொடுவது ஆபத்து. விவரம் தெரிந்தவர் துணையில்லாமல் அதில் இறங்க வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கணினி நலமாக இருக்கும் ஒரு நாளில் அதன் எண்களைப் பார்த்து எழுதி வையுங்கள். சும்மா இருக்கும்போது எவ்வளவு, வேலை செய்யும்போது எவ்வளவு என்று தெரிந்திருந்தால்தான், கெட்டுப் போகும்போது வேறுபாடு புரியும். நான் என் எண்களை ஒரு தாளில் எழுதிக் கணினியின் மேலேயே ஒட்டிவிட்டேன். இப்போதெல்லாம் கணினியோடு சேர்த்துக் கையடக்கப் பதிவுக் கருவி ஒன்றையும் ஓடவிடுகிறேன். வானொலிக்காரிக்கு இது முதலிலேயே உறைத்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு அப்பா உட்கார்ந்தார், ஆனால் தங்கையைப் பற்றிப் பேசவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. நானும் கேட்கவில்லை. ஏழாவது வாரம், தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, "அன்னைக்கு எங்க விட்டேன்?" என்றார்.

நான் சொன்னேன். அவர் நாற்பது நிமிடம் நிறுத்தாமல் பேசினார். அது எங்கள் குடும்பத்துக்கு மட்டுமானது, இங்கே எழுத மாட்டேன். அறையின் மூலையில் விசிறி ஓடும் சத்தம் அந்தப் பதிவில் மெலிதாகக் கேட்கிறது. அதை நீக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன்.