ராஸ்பெர்ரி பைக்கு எந்த கேஸ்? டிகிரி சொல்லாத கணக்கு

ராஸ்பெர்ரி பை போர்டு சூட்டில் எரிந்துபோவது அபூர்வம். சூடு ஏறினால் அது யாரிடமும் சொல்லாமல் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு வேலையைத் தொடரும். கேஸ் வாங்குவதில் வரும் குழப்பங்களில் பாதி இந்தச் சுபாவத்தால் வருபவை. புதிய கேஸுக்கு மாற்றியும் பழைய கேஸில் காட்டிய அதே 82 டிகிரிதான் காட்டுகிறது, பணம் வீணா என்பது வாசகர் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் சந்தேகம். மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கிவிடும். அதற்குள் கேஸை முடிவு செய்துவிட வேண்டும் என்று அவசரப்படுபவர்கள் முதலில் அந்த 82-ஐப் புரிந்துகொள்வது நல்லது.

பை 4, பை 5 இரண்டிலும் சிப்பின் வெப்பம் 80 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் ஃபர்ம்வேர் தலையிடுகிறது. 80-க்கும் 85-க்கும் நடுவில் பிராசஸர் கோர்களின் வேகம் படிப்படியாகக் குறைக்கப்படும். 85-ஐத் தாண்டினால் கிராஃபிக்ஸ் பகுதிக்கும் அதே கதிதான். வேகத்தோடு சேர்த்து சிப்புக்குப் போகும் மின்னழுத்தமும் இறக்கப்படுவதுதான் இதிலுள்ள சாமர்த்தியம். சிப் செலவழிக்கும் மின்சாரம் வேகத்தின் விகிதத்திலும் மின்னழுத்தத்தின் இருமடியின் விகிதத்திலும் மாறுகிறது. அதனால் வேகத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தால் சூட்டில் அதைவிடப் பெரிய பங்கு குறைந்துவிடும். கொஞ்சம் இறங்கினாலே போர்டு தப்பித்துக்கொள்ளும்.

இதன் விளைவு விசித்திரமானது. கடும் வேலை கொடுத்தால் மோசமான கேஸிலும் சிப் 82, 83 டிகிரியில் நிற்கும். சுமாரான கேஸிலும் அங்கேயேதான் நிற்கும். முதலாவதில் பை 5 தன் 2.4 கிகாஹெர்ட்ஸிலிருந்து 1.5 வரை இறங்கி அந்த 82-ஐப் பிடித்து வைத்திருக்கலாம். இரண்டாவதில் 2.2-லேயே ஓடிக்கொண்டிருக்கலாம். தெர்மாமீட்டருக்கு இரண்டும் ஒன்றுதான். கடிதம் எழுதியவர் அநேகமாக ஏமாறவில்லை. அவருக்குக் கிடைத்த லாபம் வேகத்தில் கிடைத்தது. அவர் தேடியது டிகிரியில்.

தயாரிப்பாளர் மொழியில் இந்த வேகக் குறைப்புக்குப் பெயர் வெப்பப் பாதுகாப்பு. பாதுகாப்புதான், மறுப்பதற்கில்லை. ஆனால் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று சொல்லி விற்ற வேகம், சூடு அனுமதிக்கும் வரை மட்டுமே செல்லும் என்பதும் அதே சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. பை 5 2023 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டபோது, வழக்கமான பயன்பாட்டுக்கு, கேஸ் இல்லாமல் வைத்தால், ஃபேன் தேவைப்படாதபடி வடிவமைத்திருப்பதாகச் சொல்லப்பட்டது. ஒரே வாக்கியத்தில் இரண்டு நிபந்தனைகள். வழக்கமான பயன்பாடு எது என்பதைச் சொன்னவர்தான் தீர்மானிப்பார். கேஸ் இல்லாமல் என்பது வீட்டில் பூனையோ குழந்தையோ தூசியோ இல்லாதவர்களுக்குப் பொருந்தும். அதே நாளில் 5 டாலருக்கு ஆக்டிவ் கூலர் என்ற ஃபேன் வைத்த ஹீட்சிங்கும், 10 டாலருக்கு ஃபேன் வைத்த கேஸும் அறிவிக்கப்பட்டன.

பை 4-இன் கதை இன்னும் வெளிப்படை. 2019 ஜூனில் போர்டு வந்தபோது கூடவே வந்த சிவப்பு வெள்ளை பிளாஸ்டிக் கேஸில் காற்றுக்கென்று தனித் துளையே கிடையாது. அதற்கான சிறு ஃபேன் 2020-இல்தான் விற்பனைக்கு வந்தது. துளையில்லாத பெட்டிக்குள் அது எப்படி வேலை செய்கிறது என்பது ரசிக்கத்தக்கது: யுஎஸ்பி, ஈதர்நெட் சாக்கெட்டுகளைச் சுற்றியுள்ள இடுக்கு வழியாகக் காற்றை இழுத்து, சிப்பின் மேல் ஒட்டிய குட்டி ஹீட்சிங்கைத் தடவ விட்டு, எஸ்டி கார்டு செருகும் வாய் வழியாக வெளியே தள்ளுகிறது. பெட்டியில் ஏற்கெனவே இருந்த ஓட்டைகளே வாசலும் கொல்லையும் ஆகிவிட்டன.

போர்டு வேகம் குறைத்ததா என்பதை அதனிடமே கேட்டுவிடலாம். மானிட்டர் இணைத்திருந்தால் சில அமைப்புகளில் 80 டிகிரிக்கு மேல் திரையின் மூலையில் தெர்மாமீட்டர் படம் தோன்றும். ஆனால் டிவிக்குப் பின்னாலோ ரவுட்டர் பக்கத்திலோ மானிட்டர் இல்லாமல் ஓடும் பைகளில் அந்தப் படத்தைப் பார்க்க ஆள் ஏது? அங்கே டெர்மினலில் ‘விசிஜென்சிஎம்டி கெட் த்ராட்டில்ட்’ என்ற கட்டளைதான் துணை. பதிலாக ஓர் எண் வரும். வெறும் 0 என்றால் கேஸைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. கட்டுரையை இங்கேயே நிறுத்திவிடலாம்.

80008, 50005 போல ஐந்து இலக்கத்தில் வந்தால் இரு ஓர இலக்கங்களிலும் சேதி உண்டு. வலது ஓரம் இந்த நொடியைச் சொல்கிறது. இடது ஓரம் போர்டை ஆன் செய்ததிலிருந்து எப்போதாவது நடந்ததைச் சொல்கிறது. ஒருமுறை பதிவானால் மறுபடி பூட் செய்யும்வரை அழியாது. நள்ளிரவில் பேக்கப் ஓடும்போது போர்டு தவித்ததைக் காலையில் காபியோடு தெரிந்துகொள்ள இந்த இடது ஓரமே போதும். ஒவ்வொரு இலக்கமும் நான்கு விஷயங்களின் கூட்டு: மின்னழுத்தம் போதவில்லை என்றால் 1, வேகத்துக்கு உச்சவரம்பு விழுந்தால் 2, வேகம் குறைக்கப்பட்டால் 4, வெப்ப வரம்பைத் தொட்டால் 8. பதினாறடிமான எண் என்பதால் கூட்டு 9-ஐத் தாண்டினால் ஏ முதல் எஃப் வரையிலான எழுத்தாக வரும். ஆகவே இடது ஓரத்தில் 8, 9 அல்லது ஏதேனும் எழுத்து இருந்தால் சூடு. 1, 3, 5, 7, 9 என ஒற்றைப்படையாகவோ பி, டி, எஃப் ஆகவோ இருந்தால் மின்சாரம்.

இந்த வித்தியாசம் தெரியாமல் வாங்கப்படும் ஃபேன்கள் ஏராளம். 50005 என்பது 4-உம் 1-உம் சேர்ந்த எண். அதில் 8 இல்லை. வேகம் குறைந்தது உண்மை, ஆனால் குற்றவாளி சார்ஜர், அல்லது மெலிந்த கேபிள். 5 வோல்ட்டாகக் கிளம்பும் மின்சாரம் போர்டுக்கு வந்து சேரும்போது சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் இந்த எச்சரிக்கை பதிவாகும். 65 வாட் செல்போன் சார்ஜர் இருக்கிறதே என்று பலர் நினைக்கிறார்கள். அந்த 65 வாட் பெரும்பாலும் 9 வோல்ட்டிலோ அதற்கு மேலோதான் கிடைக்கும். 5 வோல்ட்டில் 3 ஆம்பியர் தந்தாலே பெரிது. பை 5 முழுத் திறனுக்குக் கேட்பது 5 வோல்ட்டில் 5 ஆம்பியர். இந்த நிலையில் புதிதாக ஒரு ஃபேனை மாட்டினால் அதுவும் அதே ஒல்லியான கேபிளிலிருந்து மின்சாரம் உறிஞ்சும். நோய்க்கு மருந்து என்று நோயையே ஊட்டியதாகிவிடும்.

எண்ணில் 8 அடங்கியிருந்தால்தான் கேஸ் பற்றிய பேச்சுக்கு இடம். கேஸ்களை விலையை வைத்தோ அழகை வைத்தோ பிரிப்பதைவிட, சூடு எந்த வழியாக வெளியேறுகிறது என்று பிரிப்பது எளிது. சாதாரண பிளாஸ்டிக் பெட்டியில் சூடு உள்ளிருக்கும் காற்றுக்குப் போய் அங்கேயே சுற்றும். அதற்குள் ஒட்டப்படும் சின்னச் சின்ன ஹீட்சிங்க் வில்லைகளால் பெரிய பயனில்லை. சூட்டை வாங்கிக்கொள்ளும் காற்றே சூடாக இருக்கும்போது வில்லை என்ன செய்யும்? இரண்டாவது வகையில் கேஸே ஹீட்சிங்க். ஃப்ளிர்க் போன்ற அலுமினிய கேஸ்களில் உள்ளே ஒரு தூண் இறங்கி, தெர்மல் பேட் வழியாகச் சிப்பைத் தொடும். முழு உடம்பும் சூட்டை அறைக்குள் விடும். மூன்றாவது வகை ஃபேன் வைத்தவை. ஆர்கன் ஒன் போன்றவை இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தவை.

அலுமினியம் என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. தூண் சிப்பைத் தொடாத அலுமினியப் பெட்டி, பார்க்க மிடுக்கான ஒரு மூடிய பாத்திரம், அவ்வளவுதான். அலுமினியம் காற்றைப் போலப் பல்லாயிரம் மடங்கு எளிதாகச் சூட்டைக் கடத்தும். ஆனால் நடுவில் ஒரு மில்லிமீட்டர் காற்று இருந்தால் அந்தப் பெருமையெல்லாம் வீண். வாங்கிய கேஸைப் பூட்டிவிட்டுத் திறந்து, தெர்மல் பேடில் சிப்பின் சதுரத் தடம் பதிந்திருக்கிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை. தடம் பாதிதான் பதிந்திருந்தால் திருகுகளைச் சமமாக இறுக்கவில்லை, அல்லது பேட் மெலிது. பேடின் இருபுறமும் உள்ள பிளாஸ்டிக் படலங்களில் ஒன்றை உரிக்க மறந்து மாதக்கணக்கில் ஓட்டுவதும் நடப்பதுதான்.

விளம்பரத்தில் வரும் ‘20 டிகிரி குறையும்’ போன்ற வாசகங்களை இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். எதிலிருந்து 20? எந்த அறையில்? எத்தனை நிமிடம் ஓட்டி? கடைசிக் கேள்வியில்தான் உலோக கேஸ்களின் சூட்சுமம் இருக்கிறது. 100 கிராம் அலுமினியத்தை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 90 ஜூல் வேண்டும். போர்டு 6 வாட் வெளிவிட்டால் அதற்கு 15 நொடி ஆகும். அதாவது வெளியே எதையும் விடாவிட்டாலும் முதல் சில நிமிடங்களுக்கு கேஸ் சூட்டைத் தன் உடம்பில் வாங்கி மறைத்துக்கொள்ளும். ஐந்து நிமிடச் சோதனையில் எல்லா உலோக கேஸும் தேறிவிடும். உண்மை அரை மணி நேரத்துக்குப் பிறகுதான் தெரியும். ‘ஸ்ட்ரெஸ்-என்ஜி’ என்ற புரோகிராமைக் கொண்டு நான்கு கோர்களுக்கும் வேலை கொடுத்து, 40 நிமிடம் கழித்து வெப்பத்தையும் கிளாக் வேகத்தையும் சேர்த்துப் பார்ப்பதே நியாயமான தேர்வு.

அறை வெப்பத்தின் கணக்கு இன்னும் எளிது, இன்னும் கசப்பு. எந்த கேஸும் சிப்பை அறையைவிடக் குளிராக்காது. அறைக்கு மேல் இத்தனை டிகிரி என்றுதான் அதால் உறுதி தர முடியும். கடும் வேலையில் ஒரு கேஸ் சிப்பை அறையைவிட 45 டிகிரி மேலே வைத்திருக்கிறது என்று கொள்வோம். 22 டிகிரி அறையில் அது 67, கவலையே இல்லை. மொட்டை மாடிக்கு நேர்கீழே, மே மாத மதியம், 38 டிகிரி அறையில் அதே கேஸ் 83-ஐத் தேடி ஓடும். வேகம் இறங்கத் தொடங்கியிருக்கும். குளிரான கேம்பிரிட்ஜில் பாராட்டு வாங்கிய கேஸ் திருச்சியில் தோற்பதற்கு வேறு காரணம் வேண்டாம். வெளிநாட்டு மதிப்புரையில் கண்ட டிகிரியோடு 15-ஐக் கூட்டிக்கொண்டு படித்தால் பெரும்பாலும் சரியாக வரும்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், பை 4-இல் விளம்பரத் தடுப்பானோ சின்னச் சர்வரோ ஓட்டுபவருக்குச் சிப்பைத் தொடும் அலுமினிய கேஸ் போதும். சத்தமில்லை, அசையும் பாகமில்லை, கெட்டுப்போக ஒன்றுமில்லை. பை 5-ஐக் கடுமையாக ஓட்டுபவர் கோடைக்கு ஃபேன் இல்லாமல் துணிவது சரிவராது. அதன் ஃபேன் எப்போதும் அலறுவதுமில்லை: 50 டிகிரியில் மெல்லத் தொடங்கி, 60-இல் கொஞ்சம் கூடி, 67.5-இல் மேலும் கூடி, 75-இல்தான் முழு வேகம் எடுக்கும். கோடையில் சும்மா இருக்கும்போதே சிப் 50-ஐத் தாண்டிவிடும் என்பதால் இங்கே அது அநேகமாக ஓயாமல் மெல்லிய குரலில் முனகிக்கொண்டிருக்கும்.

மீதிக் கேள்விகள் பெரும்பாலும் ஒருவரிக்குரியவை.

ஆக்டிவ் கூலரோடு அதிகாரபூர்வ பை 5 கேஸில் வைக்கலாமா? கேஸின் சொந்த ஃபேனைக் கழற்றிவிட்டு வைக்கலாம்.

ஆக்டிவ் கூலரை அடிக்கடி கழற்றி மாட்டலாமா? கூடாது, பின்களும் பேடும் தளர்ந்துவிடும் என்று தயாரிப்பாளரே எச்சரிக்கிறார், இந்த முறை நம்பலாம்.

உலோக கேஸில் வைஃபை குறையுமா? கொஞ்சம் குறையும், ரவுட்டர் தூரத்தில் இருந்தால் ஈதர்நெட் கேபிள் நல்லது.

பேடுக்குப் பதில் பேஸ்ட்? தூணுக்கும் சிப்புக்கும் இடைவெளி இருந்தால் பேஸ்ட் அதை நிரப்பாது, பேடே சரி.

ஃபேனை நேராக ஜிபிஐஓ பின்னில் மாட்டி புரோகிராமால் அணைக்கலாமா? பை 4-இல் ஒரு பின் தாங்குவது 16 மில்லிஆம்பியர்தான். நடுவில் டிரான்சிஸ்டர் வேண்டும்.

5 வோல்ட் ஃபேனை 3.3 வோல்ட் பின்னில் மாட்டினால்? சத்தம் குறையும், காற்றும் குறையும், சில ஃபேன்கள் சுற்றவே சுற்றாது.

போர்டைச் செங்குத்தாக நிறுத்தினால்? ஃபேன் இல்லாத கேஸில் காற்று மேலெழுவது எளிதாகி ஓரளவு உதவும், செலவும் இல்லை.

பை 3பி பிளஸ்? அதன் முதல் வரம்பு 60 டிகிரி, அங்கே 1.4-லிருந்து 1.2 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கும், 80 வரை காத்திருக்காது.

கேஸைக் கண்ணாடிக் கதவுள்ள டிவி அலமாரிக்குள் வைக்கலாமா? அப்போது அறை என்பது அந்த அலமாரிதான். 38-க்குப் பதில் அதன் உள்வெப்பத்தைக் கணக்கில் போட வேண்டும்.