தாண்டிக்கு அப்பால் 365 கிலோமீட்டர்

மணாலியிலிருந்து லே போகிற வழியில், 2020-ல் திறந்த ஒன்பது கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதையைக் கடந்து லாஹூல் பள்ளத்தாக்கில் கொஞ்ச தூரம் போனால், ஒரு குட்டி ஊர் வரும். ஊர் பெயர் தாண்டி. சத்தியமாக அதுதான் பெயர்! சந்திரா நதியும் பாகா நதியும் சேருகிற இடம். அங்குள்ள பெட்ரோல் பங்க்கில் ஒரு போர்டு உண்டு. 'அடுத்த பங்க் 365 கி.மீ.' வண்டிக்காரர்கள் அதன் பக்கத்தில் நின்று சிரித்தபடி போட்டோ எடுத்துக்கொள்வார்கள். சிரிக்கிற சமாசாரமா அது?

என் நண்பன் ஒருவன் ஜிம்னி வாங்கினான். வாங்கிய மூன்றாம் மாதமே "சென்னை டு லே, நாலு பேர், பதினெட்டு நாள் லீவ்" என்று அறிவித்துவிட்டான். லீவ் சாங்ஷன் ஆவதற்கு முன்பே ஒரு லிஸ்ட் தயார். கூரை மேல் விரிக்கிற கூடாரம், சேற்றிலிருந்து வண்டியை இழுக்க வின்ச், முன்னால் இரும்புத் தடுப்பு, நாலு எக்ஸ்ட்ரா லைட், குட்டி ஃப்ரிட்ஜ். மொத்தத்தில் அவனுடைய மூன்று மாதச் சம்பளம்.

"நீ பி.காம். ஆச்சே மச்சி, பட்ஜெட் போட்டுக் குடு" என்றான். போட்டுக் கொடுத்தேன். ரூபாயில் இல்லை, கிலோவில்!

வண்டியின் சொந்த எடை சுமார் 1,200 கிலோ. ஆளும் சாமானும் சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 1,545. ஆக, கையிருப்பு 345 கிலோ. ஆளுக்கு 75 வீதம் நாலு பேருக்கு 300 பற்று. பாக்கி 45. கூரைக் கூடாரம் ஒன்றே ஐம்பது கிலோ வரும். கடை திறக்கும் முன்பே திவால்!

நண்பன் யோசித்தான். "அப்ப ரெண்டு பேரை இறக்கி விட்டுரலாமா?" நாலு பேரில் நானும் ஒருவன் என்பதால், யாரை என்று கேட்கத் தைரியம் வரவில்லை. நல்ல வேளையாக, ஒருவன் மச்சினி கல்யாணம் என்று தானே கழன்றுகொண்டான்.

எடைக்கு ஏன் இவ்வளவு அழ வேண்டும்? அந்த ரோட்டில் பாரலாச்சா, லாச்சுங், தங்லங் என்று பெரிய கணவாய்கள் வரிசையாக வருகின்றன. தங்லங் லா 5,328 மீட்டர். நம் ஊட்டியை இரண்டு மடங்கு உயர்த்தி, மேலே ஒரு குன்றையும் வைத்த மாதிரி. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் கிட்டத்தட்டப் பாதிதான். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினுக்குச் சக்தியும் ஏறக்குறையப் பாதியாகிவிடும். நூறு குதிரையில் ஐம்பது குதிரை வேலைநிறுத்தம்! மிச்ச ஐம்பதின் தலையில் கூடாரத்தையும் ஏற்றினால் கிளட்ச் கதறும். இறக்கத்தில் பிரேக் கதறும்.

லிஸ்ட்டை எடுத்துக்கொண்டு நண்பனின் வழக்கமான பட்டறைக்குப் போனோம். மெக்கானிக் அண்ணன் படித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, மேலே மாட்டுறதை விடுங்க. கீழே பாருங்க."

கீழே பார்த்தோம். ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்து டயர், பிரேக் பேட், பிரேக் ஆயில், பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ், பேட்டரி. கூலன்ட் சரியான விகிதத்தில் இருக்க வேண்டும். வெறும் தண்ணீர் ஊற்றினால் அந்த உயரத்தில் பகலில் சீக்கிரம் கொதிக்கும், ராத்திரியில் உறையும். இரும்புத் தடுப்பு வேண்டவே வேண்டாம் என்றார். காற்றுப்பை விரிவதைக் கெடுக்கும். சட்டப்படியும் தப்பு என்று 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு சொல்லிவிட்டது.

பிறகு நண்பனின் கையில் வீல் ஸ்பானரைக் கொடுத்து, "ஒரு நட்டைக் கழட்டுங்க பார்ப்போம்" என்றார். நண்பன் தொங்கினான், குதித்தான். நட்டு அசையவில்லை. முன்பு ஏதோ ஒரு கடையில் மெஷின் வைத்து முறுக்கியது. "இது மோரே சமவெளியில் நடந்திருந்தா?" என்றார் அண்ணன். மெஷினால் முறுக்கிய நட்டை, கிளம்பும் முன் ஒருமுறை கையால் கழற்றி மாட்டிப் பாருங்கள். செலவு பூஜ்யம். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு பலகைத் துண்டு, பஞ்சர் கிட், காற்றடிக்கும் குட்டி கம்ப்ரஸர், இழுகயிறு. வின்ச் இல்லாமலே காலம் தள்ளலாம்.

அடுத்து பெட்ரோல். தாண்டியில் டேங்க்கை நிரப்பினால் 40 லிட்டர். சாமானோடு மேட்டில் லிட்டருக்குப் பத்து கொடுத்தால், 365 கிலோமீட்டருக்கு 36.5 லிட்டர். மிச்சம் மூன்றரை. தைரியத்துக்கு அது போதாது. பெட்ரோலுக்கென்றே செய்த கேனில் 20 லிட்டர் கட்டாயம். விளிம்பு வரை நிரப்பாதீர்கள். உயரம் ஏற ஏற உள்ளே ஆவி அழுத்தும். மூடியை மெதுவாகத் திறங்கள்.

கடைசிக் கணக்கு: மூன்று பேர் 225 கிலோ, பெட்ரோல் கேன் 20, தண்ணீர் 20, கருவிகள் 25, பைகள் 36. மொத்தம் 326. மிச்சம் 19 கிலோ, இட்லிப்பொடிக்கும் புளிக்காய்ச்சலுக்கும்!

ஒத்திகை இல்லாமல் கிளம்பாதீர்கள். இதே சுமையை ஏற்றி ஒரு சனி, ஞாயிறு கொல்லிமலைக்குப் போய் வாருங்கள். லே பாதையின் புகழ்பெற்ற காட்டா லூப்ஸில் 21 கொண்டை ஊசி வளைவுகள். நம் கொல்லிமலையில் 70. எந்த போல்ட் கடகடக்கிறது, எந்தப் பை சரிகிறது என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். நாமக்கல்லில் மெக்கானிக் கிடைப்பார். சர்ச்சுவில் தேட வேண்டும்.

இதெல்லாம் வண்டிக்கு. ஓட்டுகிறவனுக்கு?

இப்போது நாள் கணக்கு பாருங்கள். சென்னையிலிருந்து மணாலி சுமார் 2,700 கிலோமீட்டர். போக ஆறு நாள், வர ஆறு நாள். பதினெட்டில் பன்னிரண்டு காலி. பாக்கி ஆறு நாளில் மணாலி - லே ஏற மூன்று, இறங்க இரண்டு. லேயில் ஒரே ஒரு நாள். வழியில் ஒரு மண்சரிவு வந்தால் அதுவும் போச்சு. உடனே என்ன செய்வோம்? நாளை மிச்சம் பிடிக்க, மணாலியில் கிளம்பி அன்று ராத்திரியே சர்ச்சுவில் படுப்போம். சுமார் 2,050 மீட்டரிலிருந்து ஒரே நாளில் 4,200-க்கு மேல்! மூவாயிரம் மீட்டரைத் தாண்டியபின், தூங்குகிற உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மலை மருத்துவ விதி.

ஆகவே கீழே ஜிஸ்பாவில் இரண்டு இரவு தங்கி, மூன்றாம் நாள் விடியற்காலை கிளம்பி, நடுவில் தூங்காமல் லே போய்ச் சேருவது உத்தமம். காலையில் பனியுருகும் ஓடைகளிலும் தண்ணீர் குறைவு. வெயில் ஏற ஏற ஓடையும் ஏறும். தலைவலியும் வாந்தியும் வந்தால் அதற்கு மேல் ஏறாதீர்கள். நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நேரம் காலம் பார்க்காமல் கீழே இறங்க வேண்டும். ஆக்ஸிஜன் சிலிண்டர் கொஞ்சம் அவகாசம் தரும், அவ்வளவுதான். இறங்கத் தாமதித்தால் உயிர் போகும். ஆஸ்துமா, பி.பி., இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் டிக்கியைத் திறக்கவே கூடாது.

நண்பனிடம் இதைச் சொன்னேன். கூடாரத்தையும் வின்ச்சையும் அடித்துவிட்டு, லீவ் லெட்டரில் பதினெட்டை இருபத்திரண்டாகத் திருத்தினான். அவன் லிஸ்ட்டிலேயே உருப்படியான ஐட்டம் அந்த நாலு நாள்தான். எந்த ஆக்சஸரி கடையிலும் விற்காது. மேனேஜரிடம்தான் வாங்க வேண்டும்.

அவர் முறைப்பார். முறைக்கட்டும், சார். சர்ச்சுவில் ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சுக்குத் திணறும்போது, முதுகைத் தடவிக்கொடுக்க அவரா வரப்போகிறார்?