அச்சம் நீங்கியபின் கைமாறும் பொருள்

2021ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் கொரோனாவின் இரண்டாம் அலை எழுந்தபோது, ஆக்சிஜன் கிடைக்காமற்போகுமோ என்ற அச்சம் நாடெங்கும் பரவியது. வசதி படைத்த குடும்பங்களும் தொண்டு அமைப்புகளும் ஆக்சிஜன் செறிவூட்டிகளை முன்கூட்டியே வாங்கி வைத்தனர். அலை தணிந்தபின், அவற்றுள் பல அதிகம் இயங்காமலே மறுவிற்பனைக்கு வந்தன. நாட்பட்ட நுரையீரல் நோயாளியை வீட்டில் வைத்துப் பேணும் எளிய குடும்பத்திற்கு இது நல்வாய்ப்பே. ஆயினும் இவ்வணிகத்தில் ஓர் இடர் மறைந்துள்ளது.

இக்கருவி ஆக்சிஜனை உண்டாக்குவதில்லை. காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜனும் 21 விழுக்காடு ஆக்சிஜனும் உள்ளன. கருவி காற்றை அழுத்தி, சியோலைட் மணிகள் நிறைந்த உருளைகளுள் செலுத்துகிறது. மணிகள் நைட்ரஜனைப் பற்றிக்கொள்கின்றன. வெளிவரும் காற்றில் ஆக்சிஜன் 90 விழுக்காட்டை எட்டுகிறது. ஆனால், இம்மணிகள் ஈரத்தை இன்னும் வலுவாகப் பற்றுபவை. கருவி நெடுநாள் இயங்காமற் கிடந்தால் அவற்றின் திறன் குன்றக்கூடும். புதுச்சேரிக்கு வடக்கேயுள்ள காலாப்பட்டு போன்ற, ஈரக்காற்று வீசும் கடலோர ஊர்களில் இதனைக் கருதியே ஆக வேண்டும்.

இக்குறை கண்ணுக்குப் புலப்படாது. கருவி இரையும்; நீர்க்குடுவையில் குமிழிகள் எழும்; அளவுக்குழாயின் குண்டு 5 லிட்டரில் நிற்கும். அது காட்டுவது காற்றோட்டத்தின் அளவையே. ஆக்சிஜனின் செறிவை அன்று. மூச்சுத் திணறும் முதியவருக்கு வெறுங்காற்றே சென்றுகொண்டிருக்கலாம்.

மதீனாச் சந்தையில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரம் இருப்பதைக் கண்ட நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மழையால் நனைந்தது என்றார் வணிகர். நனைந்ததற்காக அவர் கண்டிக்கப்படவில்லை. நனைந்ததை மேலே வைத்து மக்கள் காணச் செய்யாததற்காகவே கண்டிக்கப்பட்டார். செறிவூட்டியில் ஏறிய ஈரமும் அத்தகையதே. குறை நேர்ந்தது விற்பவரின் குற்றமன்று. அறிந்தபின் மறைப்பதே குற்றம்.

விற்பவர் அறியாத குறையாயினும், அது விற்பனைக்கு முன்பே இருந்ததாயின், பொருளைத் திருப்பித் தரும் உரிமையை ஃபிக்ஹு நூல்கள் வாங்குபவருக்கு அளிக்கின்றன. குறைகளுக்குப் பொறுப்பில்லை என்று நிபந்தனையிட்டு விற்பது குறித்து மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும், தெரிந்த குறையை மறைக்கலாகாது என்பதில் வேறுபாடில்லை.

எனவே, விலை பேசுமுன் கருவியை முழு ஓட்டத்தில் அரைமணி நேரமாவது இயக்கி, ஆக்சிஜன் அளவுமானி கொண்டு சோதிப்பது இருவர்க்கும் நலம். செறிவு 82 விழுக்காட்டுக்குக் குறையலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. இயங்கிய மணிநேரத்தைக் காட்டும் எண்ணையும் பார்த்தல் வேண்டும். மருத்துவரின் அறிவுரையின்றி வாங்குதல் தகாது.

விற்க மனமில்லாதோர்க்கு வேறொரு வழியும் உண்டு. நிலைத்துநின்று பயன்தரும் அசையும் பொருளையும் வக்ஃபு செய்யலாம் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. பள்ளிவாசலில் வைத்து, மாதந்தோறும் இயக்கிச் சோதித்து, தேவைப்படுவோர்க்கு இரவலாக அளித்தால், அச்சத்தில் வாங்கிய பொருள் அறமாக மாறும்.